ஈரக் காங்கிரீட்டில் கோலம்

ஆனையூர் வீட்டில் மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த பின்புறத் தளத்தைக் கொத்தனார் வீரணன் தேய்த்து முடித்ததும், முத்துமீனா ஆணியோடு பலகையில் ஏறினாள். காங்கிரீட் இறுகுவதற்குள் பதினைந்து புள்ளிக் கோலத்தைக் கீறிவிட வேண்டும். ஆயுசுக்கும் அழியாத கோலம் என்று நினைக்கவே கை பரபரத்தது.

“வெரசாப் போடு தாயி, இறுகுது,” என்றார் வீரணன்.

வாசலில் போடும் பழக்கத்தில் வீட்டைப் பார்த்துக் குனிந்து, பலகையைப் பின்னால் நகர்த்தி நகர்த்திப் போட்டாள். கடைசி இழை சேர்ந்தபோது முதுகு சுற்றுச்சுவரில் முட்டியது. அடுக்களைக் கதவு கோலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கதவருகே நின்ற கணவன் விக்ரம் சிரித்தான். “இனி கோலத்த மிதிச்சுத்தான் வரணும்.”

“மிதிக்கிறதா? அது நடக்காது.” சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முத்துமீனா சுவரில் ஏறினாள். “பக்கத்து வீட்டு வழியா வாரேன். வாசக்கதவத் தெறந்து வைங்க.”