தரையில் நிற்கும் வாடை

பத்துமலைக்கு வாசனை தெரியாமல் போய் ஆறு வருடமாகிறது. அது யாருக்கும் தெரியாது. மனைவி மங்களத்துக்கும் தெரியாது.

ஈப்போவுக்கு வடக்கே, செம்மோருக்கு அந்தப் பக்கம், ஆறாங்கட்டைத் தோட்டத்தில் அவர் புகைக்கூடத்து ஆளாக இருந்தவர். உருளையில் கொடுத்துத் தட்டையாக்கிய ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகை எரித்து, நாலைந்து நாள் புகையில் காய வைப்பார்கள். எப்போது இறக்குவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கதவை ஒரு சாண் திறந்து மூக்கை உள்ளே நீட்டுவார். "இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும்" என்பார், அல்லது "இறக்கு" என்பார். தவறியதில்லை. கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணிகூட அவர் சொல்லாமல் கதவைத் திறக்கவிட மாட்டார்.

எழுபத்தெட்டாம் வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, வாசனை திரும்பவில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும்வரை மேலும் இரண்டு வருடம் அவர் அதே வேலையைச் செய்தார். ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தேன் நிறம் வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் மூக்கை நீட்டுவதை மட்டும் விடவில்லை. அது இல்லாவிட்டால் அவர் சொல்வதை யார் கேட்பார்கள்?

தோட்டம் போன பிறகு கேஸ் வேலை வந்தது. ஈப்போ பாசார் மாலாமில், ராத்திரிச் சந்தையில், மீ கோரேங் நூடுல்ஸ், வடை, ஆப்பம் என்று தள்ளுவண்டியில் வியாபாரம் செய்கிறவர்களால் பெரிய கேஸ் தோம்பை, அந்த இரும்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. வண்டிக்குக் கீழே வைக்கிற மாதிரி சின்னத் தோம்பு வேண்டும். கடைகளில் பெரியதைத்தான் மாற்றிக் கொடுப்பார்கள். சின்னதில் நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லை. பத்துமலை வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, பெரிய தோம்பை மரச்சட்டத்தில் தலைகீழாக நிறுத்தி, ரப்பர் குழாய் வழியாகச் சின்னத் தோம்புகளுக்கு இறக்கினார். சின்னத் தோம்பு ஐஸ் போட்ட தொட்டியில் உட்கார்ந்திருக்கும். குளிர்ந்தால்தான் கேஸ் இறங்கும். அதன் பக்கவாட்டுத் திருகை லேசாகத் தளர்த்தினால் கேஸ் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். சீறலோடு வெள்ளையாகத் தெறித்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு தராசில் மாட்டி எடை பார்ப்பார். தோட்டத்தில் ரப்பர் பால் நிறுத்த பழைய தராசு அது.

இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார். மற்றதற்குக் காது. திருகை மூடிய பிறகும் சீறல் கேட்டால் இன்னும் இறுக்குவார். மூக்கில்லாமல் நாலு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

கொட்டகையைக் கட்டியதும் அவர்தான். தோட்டத்துப் புகைக்கூடத்தை இடித்தபோது அதன் கறுத்த பலகைகளை வாங்கி வந்தார். கட்டிய விதமும் அதுதான். தரை ஒரு சாண் பள்ளம். சுற்றிலும் இரண்டு வரிசை செங்கல், அதன் மேல் இடைவெளி இல்லாமல் பலகை, சின்க் தகரக் கூரைக்குக் கீழே மட்டும் நாலு பக்கமும் ஒரு முழ இடைவெளி. மேலே போகிறது எதுவானாலும் அந்த வழியாகப் போய்விடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இருபத்திரண்டு வருடம் புகையைப் பார்த்தவர்.

அந்தக் கொட்டகையின் மூலையில் மங்களம் ஒரு கூடையில் வைக்கோல் போட்டுக் கருப்புக் கோழியை அடை வைத்திருந்தாள். வெளியே வைத்தால் உடும்பு முட்டையைத் தின்றுவிடும். செங்கல் கட்டிய இடம் இது ஒன்றுதான். சேவலும் ராத்திரி பகல் என்றில்லாமல் அங்கேயே கூரைச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்.

"கேஸ் வைக்கிற எடத்துல கோழியா?" என்று பத்துமலை முதல் நாள் கேட்டார்.

"அது உங்க தோம்பத் தூக்கிட்டா போவப் போவுது? பதினோரு முட்டை. இன்னும் பத்து நாளு" என்றாள் மங்களம்.

வியாழக்கிழமை நிறைய வேலை. பன்னிரண்டு தோம்பு. ஏழாவதை ஏற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. செம்மோர் மழை சின்க் கூரையில் விழுந்தால் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதும் கேட்காது. சாரல் உள்ளே வராமல் இருக்கப் பத்துமலை கதவை ஒருக்களித்து வைத்து வேலையைத் தொடர்ந்தார். பன்னிரண்டும் முடிந்ததும் குழாயைக் கழற்றாமலே பெரிய தோம்பை மூடிவிட்டு, வீட்டுக்குள் போய்த் தேத்தண்ணி கேட்டார்.

நூஹு வந்தபோதும் மழை விடவில்லை. ஈப்போவில் மீ கோரேங் வண்டி வைத்திருக்கிறவன் அவன். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து, வீட்டுப் பின்வாசலில் நின்று தண்ணீரை உதறினான்.

"என்ன நூஹு, பை மாட்டிக்கிட்டு ஹாஜியார் மாதிரி வந்திருக்க" என்றாள் மங்களம்.

"ஹாஜியார் இந்த மழையில மீ பெரட்டப் போக மாட்டாருக்கா. தோம்பு ரெடியாண்ணே?"

"எல்லாம் ரெடி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்."

"நேரமில்லலா. எடுத்துக்கிட்டுக் கெளம்புறேன்."

மங்களம் ஒரு கிண்ணத்தில் நொய் எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் கொட்டகைக்குப் போனாள். கோழிக்கு வைக்கிற நேரம். கதவைத் தள்ளி உள்ளே ஒரு படி இறங்கி மூலையில் குனிந்தாள். உடனே நிமிர்ந்தாள். கிண்ணம் கையைவிட்டு விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, இறவாரத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

நூஹு அங்கேதான் நின்றிருந்தான். வாயில் சிகரெட், கையில் லைட்டர்.

"பத்த வைக்காத" என்றாள் மங்களம். குரல் தெளிவாக வரவில்லை. கையைக் காட்டினாள்.

அவன் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினான். லைட்டரைச் சட்டைப் பைக்குள் போட்டு, சிகரெட்டை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, மெதுவாகப் பின்னால் நகர்ந்தான். மழைக்குள்ளே போய் நின்றான்.

பத்துமலை தேத்தண்ணிக் குவளையோடு வந்தார். "என்ன?"

"கோழி செத்துக் கெடக்கு. தலையச் சுத்துது எனக்கு. என்ன வாடை இது?"

"பாம்பா இருக்கும்" என்று அவர் உள்ளே இறங்கினார். கூடையின் விளிம்பில் கருப்புக் கோழி கழுத்தைச் சாய்த்துக் கிடந்தது. கடித்த தடம் எதுவும் இல்லை. அவர் குனிந்து சுற்றிலும் பார்த்தார்.

"அண்ணே, வெளிய வாங்க. நாத்தம் இங்க வரைக்கும் தூக்குது" என்றான் நூஹு.

"நாத்தமா? எங்க?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. இருவரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆறு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவர் வாயைத் திறந்து கேட்டதில்லை. அதை மறைக்கிற மாதிரி ஒரு காரியம் செய்தார். முட்டி போட்டு, முகத்தைத் தரைக்குக் கிட்டே கொண்டுபோய், புகைக்கூடத்துக் கதவில் செய்கிற மாதிரி மூச்சை நன்றாக இழுத்தார்.

இழுத்தவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. எழுந்திருக்க ஒரு கையை ஊன்ற வேண்டியிருந்தது.

மங்களம் எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவர் அவளை விலக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்ப் பெரிய தோம்பைத் தொட்டுப் பார்த்தார். குழாய் மாட்டிய இடத்தில் வளையமாக வெள்ளைப் பனி பூத்திருந்தது. திருகு முழுதாக மூடியிருக்கவில்லை. மழைச் சத்தத்தில் சீறல் கேட்கவில்லை. இறுக்கி மூடிவிட்டு வந்தார்.

மழை ஓயும்வரை மூவரும் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பை மங்களம் அணைத்துவிட்டாள்.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள்.

"தோட்டத்துல இருக்கிறப்பவே. காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம்."

"நேத்து மீன் கொழம்பு நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அது என்ன மீனு?"

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நூஹு சிகரெட்டைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். நனைந்து பிரிந்திருந்தது. "அண்ணே, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு உங்க கையாலதான் தோம்பு வேணும்" என்றான்.

பத்துமலை கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த கதவு வழியாகச் சேவல் தெரிந்தது. சட்டத்தின் மேல், கூரையை ஒட்டி, எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே கூடை. மேலே இருப்பதற்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே இருப்பது செத்துவிட்டது.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"இது பொகை மாதிரி இல்ல" என்றார் கடைசியில். "தண்ணி மாதிரி. தேங்கி நிக்குது."

"என்ன சொல்றீங்க?" என்றாள் மங்களம்.

"நான் தொட்டி கட்டி வச்சிருக்கேன். நாலு வருஷமா." கையால் செங்கல் வரிசையைக் காட்டினார். "ஒவ்வொரு தோம்புக்கும் விட்ட காத்தெல்லாம் இதுக்குள்ளதான் நின்னிருக்கு. ஏதோ கொஞ்சங்கொஞ்சமா கதவு வழியா போயிருக்கு. இன்னிக்கு அதையும் சாத்திட்டேன்."

நூஹு பைக்குள் இருந்த லைட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நீ சொல்லிரு நூஹு" என்றார் பத்துமலை. "எல்லாருகிட்டயும் சொல்லு. ராமையா, ஷம்சாத், தோம்பு கொண்டாற எல்லாருகிட்டயும். எனக்கு வாடை தெரியாது. தோம்பு வாங்குறவங்க மோந்து பார்த்துட்டுத்தான் வண்டியில வைக்கணும்."

"சொன்னா பாதிப் பேரு வர மாட்டாங்கண்ணே."

"வர வேணாம். காலுக்கு நடுவுல வச்சுத்தானே நெருப்பு மூட்டுறீங்க."

மழை விட்டதும் அவர் கடப்பாரையை எடுத்தார். பொறி தெறிக்கும் என்று மங்களம் அவரை அன்றைக்குக் கொட்டகையைத் தொடவிடவில்லை. கதவை விரியத் திறந்து வைத்து, மறுநாள் காலையில் நாலு பக்கமும் சாக்கால் விசிறி, தானே உள்ளே இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "இப்ப இடிங்க" என்றாள். அவர் நாலு பக்கமும் செங்கலைப் பெயர்த்தார். அடிப்பலகைகளைக் கழற்றினார். பள்ளத்தை மண் போட்டு மேடாக்கி, வெளியே சரிவாக இருக்கிற மாதிரி மெழுகினார். வேலை முடிந்தபோது கொட்டகை கால்களின் மேல் நிற்பது போல் இருந்தது. உள்ளே நின்றால் அந்தப் பக்கத்துக் கோரைப் புல் தெரிந்தது. முட்டைகளை மங்களம் பக்கத்து வீட்டு இருளாயியிடம் கொடுத்தாள். அவள் வீட்டில் ஒரு கோழி அடையில் இருந்தது.

அடுத்த வியாழன் ஏழு தோம்புதான் வந்தது. ராமையா வரவில்லை. ஷம்சாத் வந்தாள். வந்தவள் தோம்பைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்று, "ஏன் பாய், மூக்கு தெரியாத ஆளா இவ்வளவு நாளா எங்களுக்கு ஏத்திக் கொடுத்தது?" என்று நூஹுவிடம் கேட்டாள். பத்துமலைக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஆமா" என்றார் பத்துமலை உள்ளேயிருந்து. "தப்புதான்."

அவள் தோம்பை வரிசையில் வைத்துவிட்டு, ரோட்டோரம் போய் நின்றுகொண்டாள்.

மங்களம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுச் சரிவின் கீழ்ப்பக்கம், தரையோடு தரையாக உட்கார்ந்தாள். பத்துமலை முதல் தோம்பை ஐஸில் வைத்தார். குழாயை மாட்டிச் சோப்புத் தண்ணீர் தடவினார். திருகைத் தளர்த்தினார். காற்று சீறியது. முன்பு அவர் அந்தச் சீறலையே கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது கை திருகில் இருக்க, கண் மங்களத்தின் முகத்தில் இருந்தது. அவள் மூக்கைச் சுளித்தபோது நிறுத்தினார். அவள் தலையசைத்த பிறகு மறுபடி திறந்தார். ஒரு தோம்புக்கு முன்பைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆனது.

மூன்றாவது நூஹுவுடையது. எடை பார்த்து மூடி வைத்ததும் அவன் மோட்டார் சைக்கிளை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். கொட்டகைக்குப் பத்தடி தள்ளி நின்றான். லைட்டரை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தான்.

"அக்கா, வாரலாமா?"

மங்களம் குனிந்து, கையை ஊன்றி, தரைக்கு ஒரு சாண் மேலே முகத்தை வைத்து மூச்சிழுத்தாள். பத்துமலை திருகிலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் நில்லு" என்றாள்.