காரணம் என்ற இடத்தில் கால் பக்கம்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு கடிதத்திலிருந்து. நான் எழுதித் தர முடியாமல் தோற்றுப்போன கடிதம்.

இருபத்திரண்டு வருஷமாக வாரப் பத்திரிகையில் மர்மத் தொடர் எழுதுகிறேன். முதல் பத்தியில் பிணம் விழுந்தால் இரண்டாவதில் நோக்கத்தைத் தேடுகிற ஆள். அப்படிப்பட்டவனிடம் போன செவ்வாய்க்கிழமை என் அக்கா வந்து ஒரு தாளை நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள குடுக்கணும். நீதான் பெரிய எழுத்தாளராச்சே, எழுதிக் குடு."

அக்காவுக்குப் பால் ஆலையில் தரம் பார்க்கும் வேலை. காலையில் கேன்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சூடாக்கி, மோந்து, ஒரு வாய் வைத்து, துப்பிவிட்டு 'எடு' அல்லது 'திருப்பு' என்பாள். மாடு என்ன தின்றது, கேனை யார் சரியாகக் கழுவவில்லை என்பதெல்லாம் அவள் நாக்குக்குத் தெரியும். பதினோரு வருஷம்.

மூன்று வாரமாக அந்த நாக்கு வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. பால், தயிர், நெய், முட்டை, கறி, மீன் எதுவும் கிடையாது. தேன்கூட. வீகனாம். வீட்டோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஆலையிலும் 'வாயில் வைக்க மாட்டேன்' என்றுவிட்டாள். மேலாளர் தாளை நீட்டிவிட்டார். 'சுவைச் சோதனையை மறுப்பதற்கான காரணம்' என்று அச்சடித்து, கீழே கால் பக்கம் காலி. ஒத்துக்கொள்ளும்படி காரணம் இருந்தால், வாயில் வைக்காமல் கருவியால் பால் சோதிக்கும் அறைக்கு மாற்றுவார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு.

"சரி, காரணம் என்ன?"

"அது தெரிஞ்சா நான் எழுதியிருக்க மாட்டேனா?"

பார்த்துக்கொள்ளுங்கள். குற்றவாளி ஒப்புக்கொண்டாகிவிட்டது, நோக்கம் மட்டும் இல்லை.

2

முதல் தொடக்கம்:

'அன்று காலை அவள் கண்ணாடித் தம்ளரைத் தூக்கியபோது வெளியே ஒரு கன்றுக்குட்டி அலறியது. அந்த அலறல் அவள் நெஞ்சைப் பிளந்து'

(இதோடு நின்றது. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா: "எங்க பிளாண்ட்ல ஏதுடா கன்னுக்குட்டி? லாரி ஹாரன்தான் கேக்கும்.")

இரண்டாவது தொடக்கம்:

'மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இனி நீங்கள்'

("எனக்கு என்ன வியாதி? மலை மாதிரி இருக்கேன்.")

மூன்றாவது, பூமி சூடாகிறது. ஒரு பக்கம் எழுதினேன். படித்துவிட்டு, "எல்லாம் சரிதான். ஆனா இதெல்லாம் போன வருஷமே எனக்குத் தெரியுமே. தெரிஞ்சுகிட்டேதானே டீ குடிச்சேன்?" என்றாள்.

என்ன பண்ணுவது இந்தப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு? என் கதையில் வருகிறவர்கள் தள்ளிவிட்டால் மாடியிலிருந்து விழுவார்கள். இவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறாள்.

மாமாவிடம் (அக்கா வீட்டுக்காரர்) துப்புக் கேட்டேன். "என்னை ஏன்ப்பா கேக்கறே? இன்னிக்குப் பாலு, நாளைக்கு மீனோட தண்ணின்னு சொல்லித் தண்ணியையும் நிறுத்திடுவா. பாலில்லாத டீ குடிச்சுக் குடிச்சு எனக்கு நாக்கே செத்துப்போச்சு."

"உங்களை யாரு குடிக்கச் சொன்னது? பால் வாங்கி ஊத்திக்கோங்க," அக்கா உள்ளேயிருந்து.

"நீ அந்தப் பாக்கெட்டைப் பாக்கற பார்வையில எவன் வாங்குவான்?"

3

ஒரு சின்னப் புலம்பல். அவசரமாகக் கதை வேண்டுகிறவர்கள் தாண்டிப் போகலாம்.

சாப்பிடுகிறவனை யாராவது காரணம் கேட்கிறார்களா? நான் நாற்பத்தெட்டு வருஷமாக எல்லாவற்றையும் வெளுத்துக் கட்டுகிறேன். ஒருத்தராவது 'ஏன் சார் முட்டை?' என்று தாள் நீட்டியதில்லை. கேட்டால் எனக்கும் கால் பக்கம் காலியாகத்தான் இருக்கும். ஆனால் நிறுத்துகிறவள் மட்டும் சாட்சியோடு வரவேண்டும். எரிச்சலாக வருகிறது. அவள்மேலா, மேலாளர்மேலா, நேற்று இதை எழுதிக்கொண்டே ஆம்லெட் சாப்பிட்ட என்மேலா என்று தெரியவில்லை.

4

வியாழக்கிழமை பொறுமை போய்விட்டது. "பால் ஒத்துக்கலைன்னு எழுதித் தொலைச்சிடலாம்க்கா. ஒரே வரி."

"பொய்யாச்சே."

"ஆமா, நீ பொய்யே சொன்னதில்லையாக்கும்!"

கேலியாகத்தான் சொன்னேன். அக்கா கையிலிருந்த தட்டைக் கழுவுமிடத்தில் வைத்துவிட்டுக் குழாயை மூடினாள்.

"ஒரு தடவை. ரெஜிஸ்டர்ல."

கேன் எண் [எழுதி அடித்துவிட்டேன்]. ஒற்றை மாடு வைத்திருக்கிற ஒரு அம்மாவுடையது. வாயில் வைத்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது: கனம், லேசான உப்பு. சீம்பால்.* அக்கா 'திருப்பு' என்று சொல்லிவிட்டு, ரெஜிஸ்டரில் 'புளிப்பு' என்று எழுதினாள்.

"அந்தம்மா கேனைத் திரும்ப வண்டியில ஏத்திட்டிருந்தாங்க. கன்னு எப்படி இருக்குன்னு கேட்டேன். 'கத்திக்கிட்டே இருக்குங்க'ன்னாங்க. அவங்க பாவம்டா, பணத்துக்கு அவசரம்." நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பதினோரு வருஷமா சீம்பால்னா கெட்டதுன்னு திருப்பியிருக்கேன். அது கெட்டதே இல்லடா. அதைவிட நல்ல பால் கிடையாது. வேற ஒருத்தருக்கு வச்சது என் வாயில இருந்துச்சு, அவ்வளவுதான். மறுநாள் நல்ல கேன்தான் வந்துச்சு. அதையும் வாயில வச்சேன். இது மட்டும் யாருக்கு வச்சதுன்னு தோணிச்சு. முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை."

"அப்போ தேன்?"

"தேனீ என்ன உனக்காகவா சேத்து வச்சுச்சு?"

நான் துள்ளி எழுந்தேன். நோக்கம் கிடைத்துவிட்டது! "இதைத்தான்க்கா எழுதணும்! கல்லும் கரையும்!"

"எழுதினா முதல் கேள்வி, எந்தக் கேன்? ரெஜிஸ்டரைப் புரட்டுவாங்க. அந்தம்மாவுக்கு மூணு மாசம் நின்னுடும். ஒத்தை மாட்டை வித்துடுவாங்க. எங்கே போகும் அந்த மாடு, கன்னு எங்கே போகும், நீயே எழுது."

"உன் வேலை?"

"வேணாம்னு சொன்னது என் வாய். அதோட பலன் எனக்கு."

* கன்று போட்ட முதல் நாட்களின் பால். ஆலைக்குக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் மூன்று மாதம் அவர்கள் கேனை வாங்க மாட்டார்கள்.

5

முடிவுகள்:

(அ) அக்கா மேலாளர் அறையில் முழங்குகிறாள். மேலாளர் கண் கலங்குகிறது. (அக்கா படித்துவிட்டு: "அவரா? அவர் கல்யாண ஃபோட்டோவுலயே சிரிக்கலைடா.")

(ஆ) அக்கா ஒரு வாய் வைக்கிறாள். துப்பிவிடுகிறதுதானே, என்ன வந்தது? (அக்கா படித்துவிட்டுத் தாளை நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள்.)

(இ) அக்கா உண்மையை எழுதுகிறாள். வேலை மாறுகிறது. ஒரு கேன் வரிசையிலிருந்து

6

வெள்ளிக்கிழமை. மணி இரண்டு நாற்பது. மேலாளர் அறைக்கு வெளியே நானும் அக்காவும் பெஞ்சில். அவள் மடியில் தாள், காலியாக. எதிரே ஜன்னல் வழியே காலிக் கேன்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறார்கள்.

"ஏதாவது தோணிச்சா?" என்கிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை கொலைக்குக் காரணம் கண்டுபிடித்திருப்பேன். ஒரு வாய்ப் பாலை வேண்டாம் என்றதற்கு, உண்மையாகவும் இருந்து யாரையும் மாட்டிவிடாமலும் இருக்கிற ஒரு வரி வரவில்லை.

எனக்கு வரவில்லை. உங்களுக்கு வரலாம். இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, பேனாவைப் பிடியுங்கள்.

காரணம்:




எழுதுங்கள். அந்தக் கேனைப் பற்றி மட்டும் மூச்சு விடாதீர்கள். நான் உளறிவிட்டது அக்காவுக்குத் தெரியாது.