பைக்குள் இருந்த எண்

"பையைத் திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற நம்பர் தகட்டைப் பாத்தியா இல்லையா?"

அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீ குடுத்தது டூப்ளிகேட்டுடி. நான்தான் மாத்தி வெச்சுட்டேன்னு கடையில சொல்றாங்க. நாளைக்கு விசாரணை. வேலை போச்சு."

அண்ணன், விலை கேட்டாலே தலை சுற்றும் கைப்பைகள் விற்கும் கடையில் விற்பனையாளன். வாங்க வருபவர்களிடம் விவரமாகப் பேச வேண்டும் என்பதற்காக, ஊழியர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு பையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகிப் பார்க்கலாம். போன வாரம் அவன் அப்படிக் கொண்டுவந்ததைத்தான் நான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் வாங்கிப் போனேன். ஒரே ஒரு வீடியோவுக்காக. எங்கள் வகுப்பில் பை இல்லாதவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த வீடியோவை எடுத்துத் தந்தவள் மினுக்கி. வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடும். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் அவள் வீடியோவுக்குக் காத்துக் கிடப்பார்கள். அவளிடமும் அதே மாதிரிப் பை உண்டு. ஆனால் கொஞ்ச நாளாகக் கமெண்டில் "டூப்ளிகேட் மகாராணி வந்துட்டாங்க, வழி விடுங்க" என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ராத்திரி எங்க வீட்ல இருக்கட்டும்டி. காலை வெளிச்சத்துல இன்னும் ரெண்டு ஷாட் எடுத்துத் தரேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கடைப் பதிவில் இருக்கும் அசல் பையின் எண்ணை அண்ணன் சொன்னதும் அறைக்குள் ஓடிப்போய் அவள் பக்கத்தைத் திறந்தேன். நேற்றைய வீடியோவில் பையை விரித்து, உள் தகட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்திருந்தாள். "இப்ப என்ன சொல்றீங்க?" என்று சிரித்தாள். அதே எண்.

போன் போட்டேன்.

"எங்கண்ணன் வேலைடி. திருப்பிக் குடுத்துரு."

"எந்தப் பை? என்னோடதா?"

"நம்பர் தெரியுது. அண்ணன்கிட்ட சொல்லிருவேன்."

"சொல்லேன். அன்னிக்கு நீ அனுப்பின மெசேஜையும் நான் காட்டறேன்."

தேடி எடுத்தேன். பையை அவளிடம் விட்டுவந்த இரவு அவள் கேட்டிருந்தாள்: "கீறல் ஏதாவது விழுந்திருந்தா உங்கண்ணன் கண்டுபிடிச்சுருவாராடி?" நான்தான் பதில் போட்டிருந்தேன்: "நான் குடுத்தா அவன் திறந்துகூடப் பாக்க மாட்டான். கண்ணை மூடிட்டு வாங்கி வெச்சுருவான்." பின்னால் ஒரு சிரிக்கும் முகம் வேறு.

வெளியே அண்ணன் நாளைக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரத்துக்கு முன் கதவருகே வந்து நின்றான்.

"அது உன் கையை விட்டு எங்கயும் போகலைல்ல? என் தங்கச்சி அப்படிப்பட்டவ இல்லன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

நான் போர்வைக்குள் தூங்குவதுபோல் கிடந்தேன்.

அவளை மாட்டிவிட்டால் அந்த மெசேஜ் அவன் கைக்குப் போகும். அதைப் படித்த பிறகு, நானும் ஏமாந்தவள்தான் என்று நம்புவானா?