இன்ஸ்பெக்டரின் ஓட்டம்

அன்பரசிக்குச் சந்தேகம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். தொலைக்காட்சித் தொடரில் இன்ஸ்பெக்டர் ஒரு கடத்தல்காரனைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

"இது அவரு ஓட்டம் இல்லியே" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் தர்மா நிமிர்ந்தான். "பின்ன யாரு ஓட்டம்?"

"தெரியல. ஆனா எங்கயோ பாத்த ஓட்டம்."

தர்மா தோட்டத்து லாரி ஓட்டுகிறவன். அன்பரசி அதே தோட்டத்தில் கத்தரியால் தேயிலை வெட்டுகிறவள். மறுநாள் மதிய ஓய்வில், மேட்டில் ஏறி லைன் கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரின் முகம் தெரிந்தபோதெல்லாம் அவர் நின்றுகொண்டிருந்தார். ஓடியது முதுகு. சுவர் ஏறியதும் முதுகு. கூரையிலிருந்து குதித்ததும் முதுகுதான். அந்த முதுகு ஓடும்போது வலது கை வீசி ஆடியது. இடது கை மட்டும், அக்குளில் குடையை இடுக்கிக்கொண்டது போல, விலாவோடு ஒட்டியே இருந்தது.

அப்படி ஓடுகிறவள் ஒருத்திதான். விக்னேஸ்வரி. பள்ளியில் அன்பரசியோடு படித்தவள், நூறு மீட்டரில் மாவட்டத்திலேயே முதலாக வந்தவள். விளையாட்டு வாத்தியார் எவ்வளவு கத்தியும் அந்த இடது கை கடைசி வரை ஆடவே இல்லை. பள்ளி முடிந்ததும் ஷா ஆலம் நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஆபீஸ் வேலை என்று, பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் அவள் அம்மா நீலாவதி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்பரசி சொன்னதைக் கேட்டு தர்மா புரையேறும் அளவுக்குச் சிரித்தான். "மீச வச்ச ஹீரோவுக்குப் பொம்பள டூப்பா? வெளிய சொல்லிடாத லா. சிரிப்பாங்க."

அவள் வெளியே சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதையை விட்டுவிட்டு முதுகையே பார்த்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் படப்பிடிப்புக் குழுவே அவர்கள் தோட்டத்துக்கு வந்து இறங்கியது. மேனேஜர் ஒன்பதாம் நம்பர் மலையை ஒரு நாளைக்கு அவர்களுக்கு விட்டிருந்தார். காலையிலேயே சனம் கூடிவிட்டது. கம்போங் ராஜா ஊரிலிருந்துகூட மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டராக நடிப்பவர் குடையின் கீழே உட்கார்ந்து எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டார். ஆள் அன்பரசி நினைத்ததைவிடக் குள்ளம், தோளும் ஒடுங்கல்.

தேத்தண்ணி நேரத்தில் அன்பரசி கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வேன்களுக்குப் பின்னால் போனாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, போலீஸ் உடுப்பில் ஓர் ஆள் உட்கார்ந்து நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மிளகாய்ச் சம்பல் படாமலிருக்க ஒரு விரலால் மீசையை மேலே தூக்கிப் பிடித்திருந்தது.

"விக்கி?"

அந்த ஆள் நிமிர்ந்தது. மீசை ஒரு பக்கம் தொங்கியது.

"ஐயோ, அன்பு! எப்படிடி கண்டுபுடிச்ச?"

"ஒன் எடது கை."

விக்னேஸ்வரி தன் கையையே ஒரு தடவை பார்த்தாள். "நாலு வருசமா டூப் போடுறேன். டைரக்டருக்கே இது தெரியாது."

அன்பரசிக்குக் கேள்விகள் முட்டிக்கொண்டு வந்தன. ஆம்பள டூப் ஏன் போடவில்லை? அவர்கள் எல்லோரும் இன்ஸ்பெக்டரைவிடப் பெரிய உடம்பு. கூரையிலிருந்து நிஜமாகவே குதித்தாளா? குதித்தாள், கீழே மெத்தை இருந்தது. வலிக்காதா? வலிக்கும். ஆபீஸ் வேலை?

"மொத வருசம் பாத்தேன். அப்பறம் சண்ட கத்துக்கற கிளாஸுக்குப் போயி, அப்படியே இங்க வந்துட்டேன். அம்மாகிட்ட சொல்லல. அப்பா மலையில வழுக்கி விழுந்துதான் செத்தாரு, ஒனக்குத் தெரியும்ல. மக விழறதுதான் வேலன்னு எப்படி சொல்றது? நீயும் சொல்லிடாத."

"நான் எங்க சொல்லப் போறேன்? ஆனா, ஒங்கம்மா இங்கதான் இருக்காங்க."

"எங்க?"

"ஹீரோ பக்கத்துல. முட்டகோஸ் கொண்டாந்து குடுத்துட்டு நிக்கிறாங்க."

விக்னேஸ்வரி எழுந்து வேனுக்குள் ஒளியப் போனாள். அதற்குள் உதவி இயக்குநர் அவளைக் கூப்பிட்டுவிட்டார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடி, மேட்டு விளிம்பிலிருந்து கீழே உருள வேண்டும். அவள் தொப்பியை இழுத்துவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடியே போனாள். ஓடினாள். இடது கை ஆடவே இல்லை. விளிம்பில் கால் இடறி, உருண்டு, மூன்று வரிசை தாண்டிக் கீழே போய் நின்றாள். கூட்டம் கை தட்டியது.

நீலாவதி தட்டவில்லை. அன்பரசி கவனித்துக்கொண்டே இருந்தாள். அவர் முதலில் நாற்காலியில் இருந்த ஹீரோவைப் பார்த்தார். பிறகு கீழே மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த போலீஸ்காரரைப் பார்த்தார். பிறகு ரப்பர் பூட்ஸ் வழுக்க வழுக்க மலையில் இறங்க ஆரம்பித்தார். அன்பரசி பின்னாலேயே ஓடினாள்.

"ஆன்ட்டி, அங்க போவக் கூடாதாம்!"

நீலாவதி நிற்கவில்லை. மகளுக்கு முன்னால் போய்த்தான் நின்றார். விக்னேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். சாய்ந்திருந்த மீசையைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"அப்பா மாதிரியே இருக்க" என்றார்.

விக்னேஸ்வரி அழுதுவிட்டாள். "மா, மன்னிச்சிரு மா. பயந்துதான் சொல்லல."

"ஆபீஸ்ல ஒக்காந்து வேல பாக்குறவளுக்கு மொழங்கையில எப்படி வடு வரும்னு ரெண்டு தீபாவளியா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்." நீலாவதி மகளின் கை கால்களைத் தடவிப் பார்த்தார். "எங்க அடி?"

"அடி இல்ல மா. பாரு, முழங்காலுக்கு, இடுப்புக்கு எல்லாம் உள்ள பஞ்சு வச்சிருக்கு. தலைய உள்ள இழுத்துக்கிட்டு தோள்ல விழணும். மூச்ச வெளிய விட்டுக்கிட்டே விழணும். அப்ப ஒண்ணும் ஆகாது."

"மூச்ச விட்டுக்கிட்டா?"

"ஆமா மா. புடிச்சா ஒடம்பு கல்லு மாதிரி ஆயிடும்."

நீலாவதி இதை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது போல வாயைத் திறந்து மூச்சை விட்டார். அன்பரசியும் தன்னையறியாமல் விட்டுப் பார்த்தாள்.

மேலேயிருந்து உதவி இயக்குநர் கத்தினார். கேமராவில் ஏதோ சரியில்லையாம், இன்னொரு தடவை எடுக்க வேண்டுமாம். விக்னேஸ்வரி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நீலாவதி அன்பரசியின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு செடி தள்ளிப் போனார். விளிம்பு நேராகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றார்.

"போ, விழு" என்றார். "இந்த தடவ கிட்டக்க நின்னு பாக்கறேன்."