உள்ளிழுத்த புகைபோக்கி

சோப்பு ஆலையின் புகைபோக்கி ஒரு திங்கட்கிழமை காலையில் புகை விடுவதை நிறுத்திவிட்டு, புகையை உள்ளே இழுக்கத் தொடங்கியது. சட்டப்படி அதற்கு அவசியமே இல்லை. அனுமதித்த அளவுக்குள்தான் அது அதுவரை புகைந்து வந்தது. ஆனால் பின்தெருவில் குடியிருந்த தன் ஆலைக் கொதிகலன்காரரின் கைக்குழந்தை மூச்சுக்குத் திணறியதைக் கண்ணால் பார்த்த முதலாளியம்மா, இனி ஒரு பொட்டுப் புகைகூட வெளியேறக் கூடாது என்று தன் ஆலைக்குத் தானே விதி போட்டாள். எதிரே டயர் ஆலை வைத்திருந்த அவள் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"சட்டமே இவ்வளவு விடலாம்னு சொல்லுது. உனக்கு ஏன்க்கா இந்த வீம்பு? ஆலையை இழுத்து மூடிட்டு என்கிட்டதான் வந்து நிப்பே."

அவளுக்கும் உள்ளூர உதறல்தான். வடிகட்டிகளைப் பொருத்தி முடிப்பதற்குள், சரக்குக்குக் காத்திருந்த வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவளைக் கைகழுவியிருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை அடுப்பை மூட்டியதும் புகைபோக்கி முதலில் தன் புகையை விழுங்கியது. பிறகு டீக்கடைப் புகையை, பிறகு முக்கில் உறுமிக்கொண்டு நின்ற பேருந்தின் புகையை. "அம்மா, மேல பாருங்க!" என்று கொதிகலன்காரர் கத்த, அவள் செருப்புகூடப் போடாமல் முற்றத்துக்கு ஓடினாள். தம்பியின் கரும்புகை தெருவைத் தாண்டி, தலையைக் குனிந்து, அவள் புகைபோக்கிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவள் சிறுமிபோலக் கைதட்டினாள். மாடிக் கொடிகளில் காய்ந்த சட்டைகளெல்லாம் ஆலைப் பக்கமே கைகளை நீட்டின. அன்று மாலை குழந்தை மூச்சுத் திணறாமல், வாயை மூடிக்கொண்டு தூங்கியது. புகையை அளக்க வந்த அதிகாரி, வெளியே விடத்தான் வரம்பு உண்டு, உள்ளே இழுக்க இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

தம்பி பாய்ந்து வந்தான். "என் புகையைத் திருடுறியா?"

"உன் புகைதானேடா, வந்து எடுத்துட்டுப் போ."

இரண்டு வருஷம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குள் டயர் வாங்குகிறவர்கள்கூட அவனிடம், உங்கள் புகைக்கு உங்கள் வீட்டில் இடமில்லையா என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் அவன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"எங்க ஆலையிலேர்ந்து இனி நாத்தம்கூட வெளியே போகாது. உன்னைவிட ஒரு படி மேல!"

"பார்த்துடலாம் வாடா!" என்று அவள் எழுந்தே விட்டாள். அடுத்த மாதமே அவன் புகைபோக்கியும் இழுத்தது. ரொட்டிக்கடைக்காரரும் சலவைக்காரரும் போட்டியில் குதித்தார்கள். சட்டம் எங்கோ பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது. ஆறே வருஷத்தில் ஊரில் இழுக்கப் புகை தீர்ந்துபோனது. இப்போது மேகங்கள் தாழ வந்தால், மழையை விழுங்கிவிடாதபடி புகைபோக்கிகளின் மூடியைச் சாத்துவதற்கென்றே அக்காவும் தம்பியும் சேர்ந்து ஓர் ஆள் போட்டிருக்கிறார்கள்.