எண்ணாமல் எழுதிய பதினெட்டு

காலை ஷிஃப்டுக்கு வந்த ஹரிதா ஏழு மணிக்குள் பதினோரு படுக்கைகளுக்கு விரிப்பு மாற்றி, நான்கு பேரைப் புரட்டிப் படுக்க வைத்திருந்தாள். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. திருப்பதியில் அந்தத் தனியார் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் கட்டில் முப்பத்தொன்று. ஷிஃப்டுக்கு நர்ஸ் ஒருத்தி.

சார்ட்டில் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற கட்டத்தில் எல்லாருக்கும் பதினெட்டு என்று எழுதுவது அங்கே வழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சோம்பேறியும் பதினெட்டு எழுதினாள், நல்லவளும் பதினெட்டு எழுதினாள். செத்துப்போனவர்கள்கூட முந்தின நாள்வரை பதினெட்டுதான் மூச்சு விட்டார்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் தேவேந்திரன் தலையணையைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். கங்காதர நெல்லூரில் வேர்க்கடலை போடுகிறவர்.

"இன்னாண்ணா, படுக்கலியா?"

"படுத்தா... அடைக்குதும்மா. ராவெல்லாம்... இப்பிடியேதான்."

ஹரிதா கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினாள். முப்பத்து நான்கு. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முதுகின் அடிப்பக்கம் இருபுறமும் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். காதருகே தலைமயிரைத் தேய்ப்பது போன்ற நரநரப்பு. நுரையீரலில் நீர். சார்ட்டைப் புரட்டினாள். இரவு: பதினெட்டு, நுரையீரல் சுத்தம். நேற்றுக் காலை: பதினெட்டு, நுரையீரல் சுத்தம். நேற்றுக் காலைக் கையெழுத்து அவளுடையது.

ஆக்சிஜன் வைத்து, டாக்டரைக் கூப்பிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆள் பிழைத்துக் கிடந்தார்.

எட்டு மணிக்கு நிர்வாகி சுரேஷ்பாபு அவளை அழைத்தார். இரவு ஷிஃப்ட் பார்த்த கன்னிகா ஏற்கெனவே அங்கே சுவரோரமாக நின்றிருந்தாள்.

"நீ கண்டுபுடிச்ச, மஞ்சிதி, நல்லது. ராத்திரி கன்னிகா பாக்கவே இல்லன்னு எழுதிக் குடு. கீழ ஒரு சந்தகம், கையெழுத்து, அந்தே, அவ்ளோதான்."

"அவ வேலை?"

"அத நான் பாத்துக்கறேன்."

"நேத்து காலைல நானும் எண்ணாமதான் எழுதினேன் சார்."

"உன்னப் பத்தி யாரும் பேசலியேம்மா."

"நான் பேசறேன். முப்பத்தோரு பேருக்கு ஒருத்திய விட்டுட்டு..."

"அப்ப ரெண்டு பேரும் ஊருக்குப் போறீங்களா? பத்து மணிக்குள்ள காயிதம் வரணும்."

வெளியே வந்ததும் கன்னிகா மூக்கை உறிஞ்சினாள். "கையெழுத்து போட்டுக் குடுத்துடுக்கா. வூட்ல நைனாகிட்ட நான் எதுனா சொல்லிக்கறேன்."

"வாய மூடு" என்றாள் ஹரிதா.

படிக்கட்டில் மற்ற மாடி நர்ஸுகளும் கூடினார்கள். இரண்டாம் மாடி இஸ்மாயில் சிரித்தான்.

"எங்க மாடிலயும் பதினெட்டுதான். ஓடற பையனுக்கும் அதே, காலெடுத்த பெரியவருக்கும் அதே. பேசாம வேலைய நிறுத்திடலாமா?"

"நோயாளி இன்னா பாவம் பண்ணான்?" என்றாள் ஹரிதா. "வேலைய முழுசா செய்யலாம். ஒவ்வொருத்தருக்கும் முழு நிமிஷம். எண்ணாதத எவன் கேட்டாலும் எழுதக் கூடாது. யாருக்காவது மூச்சு முட்டினா மட்டும் வுட்டுட்டு ஓடு."

"பெரிய டாக்டர் ரவுண்டுக்கு வரச்சே பாதி சார்ட்டுகூட ஆவாதே."

"ஆவாது. அது அவங்க கண்ணுக்குத் தெரியட்டும்."

பத்தரைக்குப் பெரிய டாக்டர் வந்தபோது மூன்றாம் மாடியில் பதினான்கு சார்ட்டுகள் நிரம்பியிருந்தன. மீதி பதினாறில் ஒரே வரி: பார்க்க ஆள் போதவில்லை. கீழே ஹரிதாவின் கையெழுத்து. அதற்கும் கீழே எல்லா மாடி நர்ஸுகளின் கையெழுத்து.

சுரேஷ்பாபு மூச்சிரைக்க ஏறி வந்தார். "இன்னாது இது, ஸ்ட்ரைக்கா?"

"வேலை செஞ்சிகினு இருக்கோம் சார்" என்றாள் ஹரிதா, கண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல். "கொஞ்சம் பேசாம இருங்க, கணக்கு தப்பிடும்."

"கன்னிகா, உன்ன யாரு உள்ள வுட்டது?"

கன்னிகா எதிர் வரிசையில் ஒரு கிழவரின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டிருந்தாள். அவர் மகன்தான் திரும்பிச் சொன்னான்: "ரெண்டு நாளா எங்க நைனாவத் தொட்டுப் பாத்தது இப்பதான் சார். இருக்கட்டும்."

பெரிய டாக்டர் அந்தப் பதினாறு சார்ட்டுகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். சுரேஷ்பாபு போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கீழ் மாடியிலிருந்து இஸ்மாயில் ஆளனுப்பியிருந்தான்: அங்கேயும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் யாருக்கு வேலை இருக்கும் என்று ஹரிதாவுக்குத் தெரியவில்லை. அடுத்த கட்டிலுக்கு நகர்ந்து, அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தபடி மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். எதிரே கன்னிகாவின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. இவளும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.