பூசணிக்காய் நழுவிய நாள்

நகரசபைத் தலைவர் உச்சிக் கோடையில் ஒரு கிண்ணம் பச்சைப் பட்டாணியைத் தின்று கை துடைத்தபோது, அவருடைய சாப்பாட்டு மேசையின்மேல் பனி விழத் தொடங்கியது. மேசையைத் தாண்டி ஒரு துளியும் விழவில்லை. தின்றது குளிர்காலத்துக் காய், வந்தது குளிர்காலம். அதற்குமேல் அதில் ஆராய ஒன்றுமில்லை. அந்த வருடம் தொடங்கி நகரத்தில் எல்லோருக்கும் இதே கதைதான். எந்தப் பருவத்துக் காயைத் தின்றார்களோ அந்தப் பருவம் அவர்கள் வீட்டுக்கு வந்து, தின்றது செரிக்கும்வரை இருந்துவிட்டுப் போனது. பெரிய வீடுகளில்தான் பாடு அதிகம். வருடம் முழுக்க எல்லாமும் தின்று பழகிய வாய்கள் அவை. ஒரே மேசையில் மாமனாருக்கு வியர்க்கும், எதிரே மருமகளுக்குப் பல் கிட்டும். ஒரு கல்யாண விருந்தில் எல்லாக் காயையும் கலந்து பரிமாறப்போய் வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தன. காக்கைக்கும் நரிக்கும் கல்யாணமா, இந்தப் பெண்ணுக்கும் பிள்ளைக்குமா என்று வந்தவர்கள் கேட்டுக்கொண்டே பந்தியில் நனைந்தார்கள்.

காய்கறிக் குளிர்கிடங்குக்குப் பின்னால் சுமைக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. கோடையில் கோடை, மழையில் மழை. காரணம் ஞானம் அல்ல. எந்தக் காய் எக்கச்சக்கமாக விளைந்து நாறும் நிலைக்கு வந்ததோ, அதைத்தான் சாயங்காலம் கிடங்குக்காரர்கள் அவர்கள் சாக்கில் போட்டார்கள். அதுபோக ஒரு வழக்கமும் உண்டு: சுமக்கும்போது விழுந்து உடைந்தது சுமந்தவனுக்கே. ஒத்தைத்தோள் என்று எல்லோரும் கூப்பிட்ட சுமைக்காரர் அந்த வழக்கத்தால் ஒரு கத்திரிக்காய்கூடக் கண்டதில்லை. மூட்டை ஏற்றி ஏற்றி இடது தோள் நான்கு விரல் சரிந்திருந்தது. ஆனால் முப்பது வருடத்தில் அவர் கையிலிருந்து ஒன்றும் நழுவியதில்லை. அவரிடம் சொத்து என்று இருந்தது அந்தப் பெயர்தான். அவர் மனைவி பிரசவ ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்தாள். தோள் சரிந்தபிறகு வீட்டை நிமிர்த்தி வைத்திருந்தது அந்த விரிப்புகள்தான்.

இப்படியிருக்க, தலைவர் வீட்டுப் பனியை நிறுத்துவதற்கென்று ஓர் உணவு ஆலோசகி வரவழைக்கப்பட்டாள். அவள் குளிரூட்டிய அரங்கில் நின்று, அந்தந்தக் காலத்தில் விளைவதை அந்தந்தக் காலத்தில் உண்ணுங்கள், அதுவே ஆரோக்கியம் என்றாள். சுமைக்காரர்கள் வேறு வழியின்றித் தின்றுகொண்டிருந்தது அன்றுமுதல் தத்துவமாயிற்று. கைதட்டல் அடங்குமுன் பருவ உணவு இயக்கம் பிறந்தது. நேற்றுவரை மாடும் மோந்து பார்த்துவிட்டுப் போன சுரைக்காய்க்கு நாடா கட்டினார்கள். பூசணிக்காயை வைக்கோல் மெத்தையில் படுக்கவைத்துக் கார்களில் அனுப்பினார்கள். கிடங்கில் தேங்கிப்போன சென்ற மழைக்காலத்துக் கீரையும் காளானும் சுமைக்காரர்களின் சாக்குக்கு வந்தன. அவற்றோடு மழையும் வந்தது.

ஊரே வெயிலில் காய்ந்து கிடக்க, அந்த வரிசையில் மட்டும் அடைமழை. கொல்லைக் கொடியில் விரிப்புகள் சொட்டிக்கொண்டே கிடந்தன.

"கோடையில குடை புடிச்சிக்கிட்டு சோறு திங்கிற குடும்பம் நாமளாத்தான் இருப்போம்," என்றாள் மனைவி.

"குளிர்ச்சியா இருக்குல்ல," என்றார் ஒத்தைத்தோள்.

"இருக்கும், இருக்கும். விரிப்பு காயலேன்னா அடுப்பும் குளிர்ச்சியாத்தான் இருக்கும்."

சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவர் குடையோடு வந்து பார்த்தார். உழைக்கும் மக்களிடம் சத்துணவு பற்றிய விழிப்புணர்வு இல்லை என்று எழுதிக்கொண்டு, சமச்சீர் உணவு பற்றிய வண்ணப்படம் ஒன்றைச் சுவரில் ஒட்டினார். படத்திலிருந்த தக்காளியின் சிவப்பு கரைந்து ஓடியபோது அவர் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை.

ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் இரண்டு முறை ஈர விரிப்புகளை வாங்கிக்கொண்டாள். மூன்றாம் முறைக்கு நாள் குறித்தாள். "பெத்த உடம்பை ஈரத்துல படுக்க வைக்கச் சொல்றியா? சனிக்கிழமையும் இப்படியே வந்தா மெஷின்காரன்கிட்ட குடுத்துடுவேம்மா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

வியாழக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றும் தின்னாமல் பார்த்தார்கள். மழை நின்றது. ஆனால் வெயிலும் வரவில்லை, காற்றும் வரவில்லை. வீட்டுக்குமேல் வானம் வெள்ளைத்தாள்போல் இருந்தது. விரிப்புகள் போட்டது போட்டபடி ஈரமாகவே கிடந்தன. பட்டினிக்குப் பருவம் கிடையாது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

"ஒரே ஒரு வெள்ளரிப்பிஞ்சு போதும். கேட்டுப் பாருங்களேன்," என்றாள் அவள்.

"கேட்டேன். நாடா கட்டினதெல்லாம் எண்ணி வச்சிருக்காம்."

"உடைஞ்சதும் எண்ணிக்கையிலயா?"

அவர் சரிந்த தோளைத் தடவிக்கொண்டார். அவள் என்ன கேட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை தலைவர் வீட்டுக்குப் போகவேண்டிய பூசணிக்காய் ஒத்தைத்தோளின் தலைமேல் ஏறியது. எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சியின் வயிறுபோல் இருந்தது அது. கிடங்கு வாசலின் மூன்று படிகளை அவர் இறங்கினார். கார்க்கதவைத் திறந்து பிடித்திருந்தார்கள். அங்கே நின்று, இரண்டு கைகளையும் பக்கத்தில் தொங்கவிட்டார்.

அந்தச் சத்தம் கேட்டுத் தராசுக்காரர் வெளியே வந்தார். மற்றச் சுமைக்காரர்கள் மூட்டையோடு நின்றார்கள். சாவு விழுந்த வீட்டில்கூட அவ்வளவு அமைதி இருக்காது.

மேஸ்திரி கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என்னய்யா, வயசாயிடுச்சா?"

"ஆமாங்க," என்றார் ஒத்தைத்தோள். பின்பு குனிந்து, வழக்கப்படி தன்னுடையதைப் பொறுக்கிக்கொண்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். உடைந்ததை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. மனைவி அதை உப்புப் போட்டு வேகவைத்தாள். முதல் கவளம் உள்ளே இறங்கியதும் கூரையின் ஓட்டைகளில் வெயில் ஒழுகியது. இரண்டாவதற்குக் கொல்லை வெளுத்தது. அவள் சட்டியை ஒரு கையிலும் விரிப்பை மறுகையிலுமாகப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சனிக்கிழமை தலைமை நர்ஸ் விரிப்புகளின் மடிப்புக்குள் கைவிட்டுப் பார்த்து, "சூடா இருக்கேம்மா," என்றாள். எடுக்க மனமில்லாமல் கையை அங்கேயே கொஞ்சநேரம் வைத்திருந்தாள்.

அதன்பிறகு அந்தக் கிடங்கில் சுமைக்காரர்களின் கைகள் வரிசையாகத் தளர்ந்தன. இருபத்தைந்து வயதுக்காரன்கூட வாரத்துக்கு இரண்டு முறை நழுவவிட்டான். சுகாதார அலுவலகம் இதைச் சத்துக்குறைவு என்று கண்டுபிடித்து இன்னொரு படம் அனுப்பியது. ஒத்தைத்தோளை மேஸ்திரி கறிவேப்பிலைக் கூடைக்கு மாற்றினார். அவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு போவதை மற்றவர்கள் பார்க்காததுபோல் இருந்தார்கள். அவர் தோள் முதல்முறையாக வலிக்காமல் இருந்தது. வலியில்லாத தோளோடு எப்படித் தூங்குவது என்று பழக அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று.

நிஜ மழைக்காலம் வந்தபோது இயக்கத்தார் கீரைக்கும் காளானுக்கும் மாறினார்கள். நகரம் முழுக்க, உள்ளும் புறமும், ஒழுங்காக நனைந்தது. கிடங்கில் மிஞ்சிய கோடைப் பூசணியை இப்போது சீந்துவாரில்லை. ஒருவரும் ஒன்றையும் நழுவவிட வேண்டியிருக்கவில்லை. முழுசு முழுசாகச் சாக்கில் விழுந்தது. சுமைக்காரர் வரிசையில் மட்டும் சுள்ளென்று வெயில். இன்னொரு ஆஸ்பத்திரியின் விரிப்புகளும் வந்தன. பிறகு தெருத்தெருவாகத் துணிமூட்டைகள் வந்தன. ஒருநாள் உணவு ஆலோசகியே பூஞ்சை பிடித்த தன் சேலைகளோடு வந்து, வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"நீங்கள்லாம் அப்படி என்னதான் சாப்பிடறீங்க?"

"கெடைக்கறதைத்தாம்மா," என்றாள் ஒத்தைத்தோளின் மனைவி, விரிப்பை உதறியபடி. ஆலோசகி அதைக் குறித்துக்கொண்டாள்.

இது நடந்து பதினொரு வருடமாகிறது. மழைக்காலத்தில் நகரத்தின் துணி அங்கேதான் காய்கிறது. யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. முனையில் குடையை மடக்கிக்கொண்டு வரிசைக்குள் வருகிறார்கள். காய்ந்ததை மடித்து வாங்கிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு போகிறார்கள்.